வரிசையாக முளைத்த கோழிக்கொண்டை

"அண்ணா, இது கோழிக்கொண்டைதானா? இல்ல கீரையா?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பியாட்ரிஸ் டீச்சர் இப்படிக் கேட்டபோது, எத்திராஜ் பூவாளியால் தன் செருப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வேறு எங்கோ இருந்தார். லால்பாக் கண்ணாடி மாளிகையில், மேடையில், கழுத்தில் மாலையோடு, கையில் வெள்ளிக் கோப்பையோடு இருந்தார். டீச்சரின் குரல் அங்கிருந்து அவரை நேராகக் காக்ஸ் டவுன் வீட்டுத் தோட்டத்துக்கு இறக்கிவிட்டது.

"என்ன டீச்சரம்மா?"

"நீங்க வாங்கிட்டு வந்த விதைதான். இலையைப் பாருங்க. எனக்கு என்னமோ டவுட்டா இருக்கு."

எத்திராஜ் எட்டிப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லை. அது கீரை. முளைக்கீரை. உலகத்தில் அந்த ஒரு விஷயம் அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"கீரையா! நல்லா கேட்டீங்க போங்க. இது ஹாலந்து ரகம் டீச்சரம்மா. மொதல்ல இப்படித்தான் இருக்கும். கை வைக்காம விட்டுடுங்க, போகப் போகத் தெரியும்."

ஹாலந்து எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. திருப்பதியைத் தாண்டி அவர் போனதில்லை.

"ஓ, ஹாலந்தா?" என்று டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கீரையை மரியாதையோடு பார்த்தார். "அப்ப சரி."

எத்திராஜ் முப்பத்து நாலு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பகல் கனவு அங்கேயே பழகிவிட்டது. நட்டு கேட்டவனுக்கு போல்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே குல்மோஹர் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற பிறகு கனவுக்கு ஒரு முகம் கிடைத்தது. வருஷா வருஷம் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சியை ஒட்டி நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டி. அதில் முதல் பரிசான சுழற்கோப்பை.

ஆறு வருஷமாக அந்தக் கோப்பை பக்கத்து வீட்டு டீச்சரின் டிவி மேல் உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷமாக எத்திராஜுக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசு என்றால் எவர்சில்வர் பாத்திரம். அவர் மனைவி அம்புஜத்துக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

"இந்த வருஷமும் ரெண்டாவதே வாங்கிடுங்க. நம்மகிட்ட இட்லிப் பானை ஒண்ணுதான் இல்ல" என்பாள்.

அந்த வருஷம் சுதந்திரத்துக்கு ஐம்பது வயசு. ஊரெல்லாம் கொடி தோரணம் பற்றிப் பேச்சு. மே மாதக் கடைசியில் ஒரு காலை, டீச்சர் வேலியோரம் வந்து, "செப்டம்பர்ல ப்ளேன் ஏறி, வெளிநாட்டுல பெர்த்ங்கற ஊருக்கு மக வீட்டோட போயிடறேன் அண்ணா. இதுதான் எனக்குக் கடைசிப் போட்டி. லால்பாக் போனா எனக்கும் சிவப்புக் கோழிக்கொண்டை ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

எத்திராஜ் சரியென்று தலையாட்டினார். டீச்சர் போய்விட்டால் அப்புறம் யாரை ஜெயிப்பது? ஆள் இல்லாத மைதானத்தில் ஓடி முதலாவதாக வந்தால் அது ஒரு கோப்பையா? ஜெயித்தால் இந்த வருஷம் ஜெயிக்க வேண்டும்.

லால்பாக்கில் இரண்டு பாக்கெட் வாங்கினார். அம்புஜத்துக்காக வாங்கிய கீரை விதைப் பொட்டலமும் பையில் இருந்தது. கல் பெஞ்சில் உட்கார்ந்து மூன்றையும் மடியில் வைத்துப் பார்த்தார். கோழிக்கொண்டை விதையும் கீரை விதையும் ஒரே குடும்பம். இரண்டும் கடுகில் பாதி, கறுப்பு, பளபளப்பு. மேலே மரத்திலிருந்து மஞ்சள் பூ ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்று தாலாட்டியது. அந்த மயக்கத்தில் அவருடைய கைகள் என்ன செய்கின்றன என்று அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். எழுந்தபோது டீச்சரின் பாக்கெட்டில் கீரை இருந்தது. கோழிக்கொண்டை முழுவதும் அவர் பாக்கெட்டில் இருந்தது.

"கீரை விதை?" என்றாள் அம்புஜம்.

"ஸ்டாக் இல்லையாம்."

அன்றைக்கே இரண்டு தோட்டத்திலும் விதைப்பு நடந்தது. எத்திராஜ் தன் பாத்தியில் விதையை அள்ளித் தூவினார். மறுநாள் அம்புஜத்தின் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் திருத்தணிக்குக் கிளம்பி, பன்னிரண்டு நாள் தங்கிவிட்டார்கள். போகிற அவசரத்தில் ஒரு பொருளை எடுக்க மறந்து போனார். அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் கசப்புக் காப்பிதான். அதனால் பாத்தி மூலையில் கவிழ்த்து வைத்த உடைந்த தொட்டிக்குக் கீழே எப்போதும் நாலு அச்சு வெல்லம் இருக்கும். செடியைப் பார்க்கப் போகிறேன் என்று போய் ஒரு கடி கடித்துவிட்டு வருவார்.

திரும்பி வந்தபோது வெல்லம் இல்லை. நாலு எறும்பு மட்டும் சாப்பாடு முடிந்த பந்தியில் நிற்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் பாத்தியைப் பார்த்ததும் எத்திராஜுக்கு வெல்லம் மறந்துவிட்டது. அள்ளித் தூவிய விதை வரிசையாக முளைத்திருந்தது! நாலு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு. நாற்று இன்னும் சின்னதாகத்தான் இருந்தது. அதனால் என்ன?

"பார்த்தியா அம்புஜம்? முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்ஸ்ல அடுக்கின கை. விதைகூட லைன்ல நிக்குது."

அம்புஜம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு வீட்டு வாசலையும் பெருக்கும் சந்திரம்மா மட்டும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சிரித்தாள். சந்திரம்மா அதிகம் பேச மாட்டாள்; கேட்டால்தான் சொல்லுவாள். அவளை யாரும் எதையும் கேட்டதில்லை.

ஹாலந்துப் பேச்சு நடந்தது இதற்கு அடுத்த வாரம். அதோடு முடிந்திருந்தால் எத்திராஜ் நிம்மதியாகக் கனவு கண்டிருப்பார். ஆனால் டீச்சர் அந்தக் கீரையை வளர்த்த அழகு இருக்கிறதே! சாணி கரைத்து ஊற்றினார், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார், மொட்டை வெயில் வந்தால் குடை பிடித்தார். கீரை முழங்கால் உயரம் வந்தது. ஒரு சாயங்காலம் மழை தூறி நின்ற நேரம். கோயில் மணி ஈரக் காற்றில் மிதந்து வந்துகொண்டிருந்தது. டீச்சர் வேலியில் கை வைத்து நின்றுகொண்டு சொன்னார்:

"ஆகஸ்ட் பத்து எங்க வீட்டுக்காரரோட பேர் திருநாள் அண்ணா. லாரன்ஸுக்கு. ஓசூர் ரோடு கல்லறையில இந்தப் பூவை வெக்கணும். எங்க கல்யாணத்தன்னிக்கு ரோஜா கெடைக்கல. கோட்டுல ஒரு கோழிக்கொண்டையைக் குத்திக்கிட்டு வந்து நின்னாரு. சேவல் மாதிரியே இருந்தாரு." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அடுத்த வருஷத்துலேர்ந்து யாரு வெப்பாங்க? அதனால இந்தத் தடவை நெறைய வெக்கணும்."

எத்திராஜ் டீச்சர் பாத்தியில் நின்ற கீரையைப் பார்த்தார். ஒரு மனுஷனின் கல்லறைக்கு அவர் முளைக்கீரை ஏற்பாடு செய்திருக்கிறார்.

மறுநாள் மதியத் தூக்கத்தில் கனவு வந்தது. பழைய ஸ்டோர்ஸ். கவுண்டருக்கு வெளியே கோட்டு போட்ட ஒருவர் சாமான் கேட்கும் இண்டென்ட் சீட்டோடு நிற்கிறார். 'கோழிக்கொண்டை, நாற்பது' என்று எழுதியிருக்கிறது. எத்திராஜ் ரேக் ரேக்காகத் தேடுகிறார். எல்லா ரேக்கிலும் கீரைக் கட்டு. "ஸ்டாக் இல்ல சார்" என்கிறார். கோட்டு போட்டவர் கோபிக்கவில்லை. "பரவால்ல, காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்தப் 'பரவால்ல'தான் எத்திராஜை எழுப்பியது. முடிவு செய்துவிட்டார். நாலே நாலு செடி. தன் பாத்தியிலிருந்து வேர் மண்ணோடு பெயர்த்து டீச்சர் பாத்தியில் வைத்துவிட வேண்டியது. கல்லறைக்கு நாலு பூ போதும். கோப்பையும் தப்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீச்சர் சர்ச்சில் பூசைக்குப் போனதும் வேலிச் சந்தில் நுழைந்தார். நாலு கீரையைப் பிடுங்கினார், நாலு கோழிக்கொண்டையை வைத்தார். பிடுங்கிய கீரையை எங்கே போடுவது? வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தார்.

"கீரை ஏது?"

"வாசல்ல வந்துச்சு."

பூசை முடிந்து வந்த டீச்சர் பாத்தியைப் பார்த்தார். "அண்ணா! அண்ணா! இங்க வாங்களேன்!" என்று குரல் கொடுத்தார். "நாலு செடி மாறியிருக்கு! கோவில்ல அழுது வேண்டிக்கிட்டேன், வந்து பாத்தா நாலு செடி கோழிக்கொண்டையாவே நிக்குது!"

"ஹாலந்து ரகம் அப்படித்தான். திடீர்னு மாறும்" என்றார் எத்திராஜ்.

"இல்லண்ணா. இது ஜெபம். இனிமே தினமும் காலைப் பூசைக்குப் போறேன்."

தினமும் போனார். முதல் நாள் திரும்பி வந்து பாத்தியை எண்ணினார். நாலுதான் இருந்தது. அவர் முகம் வாடியதை வேலி வழியாக எத்திராஜ் பார்த்தார். ஒரு வயதான பெண்மணியின் கடவுள் நம்பிக்கை இப்போது தன் கையில் இருக்கிறது என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது. ஓய்வு பெற்ற ஸ்டோர்ஸ் கீப்பருக்கு இது அதிகப்படியான பொறுப்பு.

மறுநாள் இன்னும் நாலு. அதற்கு மறுநாள் இன்னும் நாலு. வீட்டில் தினமும் கீரை. மசியல், பொரியல், கூட்டு, வடை.

"எனக்குத் தெரிஞ்சு இவ்ளோ கீரை மாடுகூடத் தின்னாது. யாருங்க அது, தினமும் வாசல்ல கொண்டுவந்து குடுக்கறது?" என்றாள் அம்புஜம்.

அந்த வாரக் கடைசியில் மரியாயின் சேனைப் பெண்கள் ஆறு பேர் அற்புதத்தைப் பார்க்க வந்தார்கள். செபமாலை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு நாற்றைத் தயிர் டப்பாவில் வைத்து ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு போனார்கள். எத்திராஜ் தன் பக்கம் நின்று ஒவ்வொரு டப்பாவையும் எண்ணினார். மறுநாள் நாலு இல்லை, பத்து வைக்க வேண்டியதாயிற்று.

தன் பாத்தி வழுக்கை விழ ஆரம்பித்தது. அம்புஜம் பார்த்துக் கேட்டுவிட்டால்? பிடுங்கிய கீரையைச் சமையலுக்குக் கொடுக்காமல் தன் பாத்தியின் பள்ளங்களிலேயே நட்டார். ஒரு விதத்தில் நல்லது, வடை நின்றது.

ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சட்டை போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே டீச்சர் வீட்டுக்குப் போனார். "டீச்சரம்மா, அந்த விதை விஷயமா உங்ககிட்ட ஒண்ணு…"

"நானே வரணும்னு இருந்தேன். இன்னிக்கு ஃபாதர் விதைக்கிறவனைப் பத்திப் பிரசங்கம் வெச்சாரு. எனக்கு உங்க ஞாபகந்தான். இந்த நல்ல விதையை யாரு தேடி வாங்கிட்டு வருவாங்க? முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்று சுடச்சுட ஒரு ரோஸ் குக்கீஸை, இனிப்பு அச்சு முறுக்கை, வாயருகே நீட்டிவிட்டார். வாய் நிறைய இனிப்போடு யாரும் பாவமன்னிப்புக் கேட்க முடியாது. எத்திராஜ் நாலு தின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

ஜூலைக் கடைசியில் கொண்டைகள் விரிந்தன. மங்கலான மழை வெளிச்சத்தில் ஒரு காலை எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டன. பாக்கெட்டில் சிவப்பு என்று போட்டிருந்தது. பூத்தது மஞ்சள். சுத்தமான, கண் கூசும் பொன்மஞ்சள். பஞ்சு மெத்தை மாதிரி மடிப்பு மடிப்பாக, உள்ளங்கை அகலத்தில் நின்றன.

டீச்சர் அந்த மஞ்சளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் எத்திராஜின் பாத்தியைப் பார்த்தார். அங்கே கீரை காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது. பிறகு எத்திராஜைப் பார்த்தார்.

"சிவப்புன்னுதானே சொன்னீங்க அண்ணா?"

"ஹாலந்துல… கலர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து டீச்சர் பாத்தியை எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

நடுவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். டீச்சர் தோட்டத்தில் அரை மணி நேரம் நின்றார்கள். "ஏனு பண்ணா மேடம் இது! எல்லிந்த தந்த்ரி?" என்று தலைமை நடுவர் கன்னடத்தில் வாய் பிளந்தார். என்ன நிறம், எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். பிறகு எத்திராஜின் தோட்டத்துக்கு வந்தார்கள். ஒருவர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க பூந்தோட்டம் செக்‌ஷன்ல பேர் குடுத்திருக்கீங்க. காய்கறிச் செக்‌ஷனுக்கு மாத்திடட்டா?"

"மாத்துங்க" என்றார் எத்திராஜ்.

அதிலும் இரண்டாம் பரிசுதான். இட்லிப் பானை.

கண்ணாடி மாளிகையில் டீச்சர் ஏழாவது தடவையாகக் கோப்பையை வாங்கினார். எத்திராஜ் கீழே நாற்காலியில் இட்லிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டினார். ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகி லேசாக இருந்தது. பத்தாம் தேதி டீச்சர் கூடை நிறைய மஞ்சள் கொண்டையோடு ஆட்டோவில் ஏறிக் கல்லறைக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தார். அன்று மதியம் கனவில் கோட்டு போட்டவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். பட்டன் துளையில் மஞ்சள் பூ. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு சேவலைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே நடந்து போனார்.

அதற்கப்புறம் எத்திராஜுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. செய்தது தப்புதான். ஆனால் எத்தனை பேர் திருத்திக்கொள்கிறார்கள்? தன் கோப்பையை, தன் பூவை, தன் ஆறு வருஷக் கனவை அப்படியே தூக்கிக் கொடுத்த மனுஷன் இந்தத் தெருவில் வேறு யார்? கண்ணாடி முன்னால் தலை சீவும்போது ஒரு தியாகியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். தனக்குள் இப்படி ஒருவன் இருப்பது அறுபத்து மூன்று வருஷமாகத் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்.

செப்டம்பரில் டீச்சர் கிளம்பினார். டாக்ஸியில் ஏறும் முன் ஒரு சின்ன உறையை எத்திராஜ் கையில் வைத்தார். குலுக்கினால் மணல் மாதிரி சத்தம் கேட்டது.

"இந்த வருஷப் பூவோட விதை. நீங்களே வெச்சுக்கங்க அண்ணா. வருஷா வருஷம் பத்தாம் தேதி அவருக்கு நாலு பூ வெச்சிட்டு வந்துடுங்க. உங்களை நம்பித்தான் போறேன்."

எத்திராஜ் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்ஸி திரும்பி மறையும் வரை நின்றார். தூறல் போட்டது. தெருவே காலியான மாதிரி இருந்தது. திரும்பி வந்து பாத்தியோரம் உட்கார்ந்தார். சந்திரம்மா டீச்சர் வீட்டு வாசலில் கடைசித் தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

நெஞ்சில் இருந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"சந்திரம்மா, உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. டீச்சரம்மா பரிசு வாங்கின செடி பூரா என் பாத்திச் செடி. நான் மே மாசம் போட்ட விதை. ஒண்ணு விடாம அவங்களுக்கே குடுத்துட்டேன்."

சந்திரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ப்ளேன் ஏற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு டீச்சரம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க. இப்பதான் பூட்டாங்களே, சொல்லலாம்."

"என்ன சொல்லலாம்?"

"நீங்க போட்ட வெதையா சார்? நீங்க ஒளிச்சி வெச்ச வெல்லத்துக்கு வந்த எறும்பு, அத்த மூணே நாள்ல இஸ்துக்குனு பூட்ச்சி. 'பாவம் அண்ணா, வந்து பாத்தா மனசு ஒடஞ்சி பூடும், எனக்குத்தான் அவரு வாங்கியாந்த நல்ல வெதை இருக்குதே'ன்னு, மவ அனுப்புன மஞ்சக் கோழிக்கொண்டை வெதைய டீச்சரம்மாதான் ஸ்கேல் வெச்சி கோடு போட்டு உங்க பாத்தில நட்டாங்க!"